தள்ளியது போக நின்ற எடை

தேனியில் தானியக் கமிஷன் மண்டி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் எடை போடும் பணி செய்தவன் நான். என் முதலாளி ஒரு பெண்மணி. கணவர் மறைந்தபின் மண்டியைத் தாமே ஏற்று நடத்தியவர். கடைவீதியார் அவரை முதலாளியம்மா என்றனர். உழவர்கள் ஆத்தா என்றனர். அவர் இல்லாத இடத்தில் வேறொரு பெயரும் வழங்கியது. அதை எழுதுவது என் வயதுக்கு அழகன்று. அம்மையார் என்றே குறிப்பிடுகிறேன்.

அந்த இருபத்தாறு ஆண்டுகளில் எந்தப் பொருளையும், எந்தச் சொல்லையும், எந்த மனிதரையும் அம்மையார் முழுமையாக ஏற்றுக்கொண்டு நான் கண்டதில்லை. எதிலிருந்தும் ஒரு பகுதியைத் தள்ளிய பிறகே எஞ்சியதைத் தம்முடைய கவனத்திற்கு எடுத்துக்கொள்வார்.

மண்டித் தொழிலில் தள்ளுவது புதிதன்று. மூட்டையை நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிக்கத்தான் வேண்டும். அம்மையார் சாக்கு ஒன்றுக்கு ஒரு கிலோ தள்ளுவார். புதுச் சாக்கானாலும், எலி கடித்து ஒட்டுப்போட்டுப் பாதியாகிப்போன சாக்கானாலும் அதே ஒரு கிலோதான். வெறும் சாக்கை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் மண்டியில் இல்லை. அது நம்பிக்கையின்மையைக் காட்டும் என்பது அம்மையாரின் கருத்து.

ஒருமுறை குச்சனூரிலிருந்து மொச்சை கொண்டுவந்த உழவர் ஒருவர் பொறுமை இழந்தார். மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தராசின்மேல் எறிந்தார். முள் அறுநூறு கிராமில் நின்றது.

"பாருக ஆத்தா, நல்லாப் பாருக. அறுநூறுதான் காட்டுது. எங்கிட்ட ஒரு கிலோ தள்ளுனீக. மிச்ச நானூறு எங்கிட்டுப் போச்சு?"

அம்மையார் சாக்கைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு வெயிலு. சாக்கு காஞ்சு கெடக்கு. நேத்து மழையில வந்திருந்தீன்னா ஒண்ணே கால் நின்னிருக்கும். கால் கிலோ உனக்கு லாபம்னு நெனச்சுக்கிட்டுப் போய்யா."

உழவர் மொச்சையை அள்ளிக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, நான் தராசு மேல ஏறல. ஏறியிருந்தா வேட்டிக்கு ரெண்டு கிலோ தள்ளியிருப்பீக."

மண்டியே சிரித்தது. அம்மையாரும் சிரித்தார், பாதியளவு சிரித்து மீதியைத் தள்ளிவிட்டார்.

சொற்களுக்கும் இதே நியதிதான். காய்ச்சல் நூற்று மூன்று என்று மூட்டை தூக்குபவர் ஒருவர் விடுப்புக் கேட்டால், "நூத்திமூணுன்னா நூறுன்னு வையி, மத்தியானத்துக்கு மேல வந்துரு" என்பார். அல்லிநகரத்தில் ஒரு பெரியவர் தொண்ணூறு வயதில் காலமானார் என்று செய்தி வந்தபோது, மாலை வாங்க ஆள் அனுப்பிக்கொண்டே, "எண்பத்தஞ்சு இருக்கும். கௌரவத்துக்கு ஏத்திச் சொல்றாக" என்றார். மாலையும் அந்த ஐந்து வயதுக்கு ஏற்பச் சற்றுச் சிறிதாகவே வாங்கப்பட்டது.

மண்டியின் வியாபாரக் கடிதங்களை எழுதும் பொறுப்பும் என்னுடையது. நூலகத்தில் அமர்ந்து நானே கற்றுக்கொண்ட தமிழில் ஒரு கடிதத்தை முழு மாலைப்பொழுதும் செலவிட்டு எழுதிக் காட்டினேன். படித்தார். "நல்லாத்தாண்ணே எழுதியிருக்கீக. நடுவுல நாலு வரியத் தள்ளிட்டா சரக்கு வந்துரும்" என்றார். நான்கு வரிகளைத் தள்ளினேன். சரக்கும் வந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அவர் தள்ளாத ஒன்று உண்டு. தம்முடைய சொல். அதில் ஒரு கிராமும் எவரும் கழிக்கலாகாது.

அவருக்கு ஒரே மகன். அவனுக்குக் கம்பத்திலிருந்து பெண் எடுத்தார்கள். திராட்சைத் தோட்டக்காரரின் மகள், பட்டம் படித்தவள், வாய்த் துடுக்கு உள்ளவள். தாயை இளமையிலேயே இழந்தவள் என்பதால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டுப் பொறுப்பிலேயே நடந்தது. அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். மருத்துவமனையில் அந்த அறைக்கு வெளியே நின்றபடி அம்மையார், தாயும் பிள்ளையும் நல்லபடியாக வெளியே வந்தால் பிள்ளையின் எடைக்கு எடை வெல்லம் நிறுத்துத் தருவதாகத் தம் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். நான் அருகில் நின்று கேட்டேன். எடைக்கு எடை என்றாரே தவிர எதையும் தள்ளிச் சொல்லவில்லை. பயத்தில் மனிதர் தம் இயல்பை மறப்பது உண்டு.

பெண் குழந்தை. தாயும் நலம். பயம் தெளிந்தது, இயல்பும் திரும்பியது.

குழந்தையைத் தொட்டிலில் இட்ட அன்று போடியிலிருந்து அம்மையாரின் நாத்தனார் வந்திருந்தார். மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "என்ன மதினி, கொடியாட்டம் வந்த புள்ள, இப்பிடி மூட்டையாட்டம் ஆயிட்டா?" என்றார். பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆன பெண் வேறு எப்படி இருப்பாள் என்று கேட்க அங்கே எவருக்கும் தோன்றவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

மறுநாள் மண்டிக்கு வந்ததும் அம்மையார் என்னை அழைத்தார்.

"அண்ணே, மூட்டைன்னு சொல்லிட்டாள்ல? மூட்டைய என்ன செய்யணும்னு நமக்கா தெரியாது?"

ஏழாம் மாதம் ஜெயமங்கலத்துக்கு அருகில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அன்றே வெல்ல நேர்த்தியும் நிறைவேற வேண்டும். நாத்தனாரும் வருவார். அதற்குள் மருமகள் இளைத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் அம்மையார். இளைக்க வேண்டியவளிடம் பின்னர் தெரிவிக்கப்பட்டது.

எந்த வழியில் இளைப்பது என்பதற்கு மண்டியின் பின்னறையில் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூடியது. போடி நாத்தனார் ஒரு டப்பா அனுப்பியிருந்தார். அதிலுள்ள மாவைக் காலையும் மாலையும் பாலில் கரைத்துக் குடித்தால் போதுமாம். அவருடைய தெருவில் ஒன்பது பேர் குடிக்கிறார்களாம். "ஒம்பதுன்னா நாலு" என்று அம்மையார் டப்பாவை ஓரமாக வைத்தார். பக்கத்துப் பாத்திரக்கடை அம்மாள் வயிற்றில் இறுக்கிக் கட்டும் பெல்ட் ஒன்றை எடுத்துவந்தார். அம்மையார் அதை இழுத்துப் பார்த்து, "இது சாக்கு வாய் கட்டுற கயிறு மாதிரில்ல இருக்கு? உள்ள இருக்குறது உள்ளதான கெடக்கும்?" என்றார். அது அவர் வாழ்நாளில் கூறிய மிகச் சரியான கருத்துகளுள் ஒன்று. மகன் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். அதில் ஒரு மனிதர் சோற்றை அறவே விலக்கி வெண்ணெயும் இறைச்சியும் மட்டும் உண்ணச் சொன்னார். தானிய மண்டியின் பின்னறையில் அமர்ந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்பது தொழிலுக்குச் செய்யும் துரோகம் என்று அம்மையார் அதை அணைக்கச் சொன்னார்.

தடுப்பூசி போடும் செவிலியர் அம்மாளும் அன்று வீட்டுக்கு வந்திருந்தார். பதினான்காம் வாரத்து ஊசி. குழந்தையை நிறுத்து அட்டையில் ஆறு கிலோ என்று எழுதினார். செய்தி அறிந்து, அம்மையாரிடம் அவர் சொன்னது இது:

"பால் குடுக்குற பொண்ணும்மா. வயித்தக் கட்டாதீக. நல்லாச் சாப்பிட்டுட்டுக் காலையும் சாயந்தரமும் மெதுவா நடக்கட்டும். ஒம்பது மாசமா ஏறுன உடம்பு, ஒம்பது மாசமா எறங்கட்டுமே, என்ன அவசரம்? மாசாமாசம் பிள்ளையத் தூக்கிட்டு எடை பாக்க வந்துருங்க."

"சரிங்கம்மா" என்று அம்மையார் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். வாசலைத் தாண்டியதும் என்னிடம் திரும்பினார். "சம்பளத்துக்குச் சொல்றாக. மருந்தும் இல்ல, மாத்திரையும் இல்ல, நடக்கணுமாம். இதுக்கு ஒரு படிப்பா?"

எல்லாருடைய யோசனையிலிருந்தும் பாதி தள்ளியவர், இலவசமாகக் கிடைத்த யோசனையை முழுதாகத் தள்ளினார்.

இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது கொள்ளு. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழி துணைக்கு வந்தது. சரக்குக் கிட்டங்கியில் முந்தைய ஆண்டின் கொள்ளு பதினோரு மூட்டை விலை போகாமல் கிடந்ததும் துணைக்கு வந்தது. பிரசவப் பத்தியத்தில் இருந்த நெய்யும் பூண்டும் கருவாட்டுக் குழம்பும் தள்ளப்பட்டன. காலையில் கொள்ளுக் கஞ்சி, நண்பகலில் ஒரு கரண்டிச் சோற்றுக்குக் கொள்ளு ரசம், மாலையில் அவித்த கொள்ளு. அதற்கு மேல் பசித்தால் வெந்நீர். வெயில் தணிந்ததும் கிட்டங்கியில் அடுக்கிய மூட்டைகளைச் சுற்றி நாற்பது முறை நடக்க வேண்டும்.

மருமகள் முதல் நாள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அத்த, இது குதிரைக்கு வைக்கிறதுல்ல?"

"குதிரை என்னிக்காச்சும் தொப்பை போட்டுப் பாத்திருக்கியா?"

"குட்டி போட்ட குதிரைக்குப் புல்லாவது வேணுங்குற மட்டும் வைப்பாக அத்த."

"ஏத்தா, வாய்க்கு ஒரு அரைக்கிலோ இருக்கும் போலருக்கே. அதயும் சேத்துக் கொறைப்போம்."

மாதத்தின் முதல் சந்தை நாளில், கூட்டம் கலைந்தபிறகு, மருமகளை மண்டித் தராசில் ஏற்றுவது என்று ஏற்பாடு. மூட்டைகளை நிறுக்கும் மேடைத் தராசு அது. அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு ஏறட்டும் என்று நான் சொன்னேன். அம்மையார் தடுத்தார். சந்தை நாளில் ஆயிரம் கண் வந்துபோன இடத்தில் குழந்தையைக் கையை விட்டு இறக்கக் கூடாது.

"அப்படியானால் இருவரையும் சேர்த்து நிறுத்து, பிறகு குழந்தையைத் தனியே நிறுத்துக் கழித்துவிடலாம்" என்றேன்.

"பச்சப் பிள்ளைய நிறுத்தா எளச்சுப் போயிரும்ணே. இது தெரியாதா உங்களுக்கு? அந்த நர்சம்மா நிறுத்ததே எனக்குப் பிடிக்கல. இனிமே அங்கன போகவும் வேணாம்."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. கைக்குழந்தையை வீட்டில் நிறுக்கமாட்டார்கள். சாமிக்கு நேர்ந்து நிறுப்பது மட்டும் அதில் சேராது.

"பின் குழந்தையின் எடை?"

"பிள்ளைக்கு ஆறு கிலோ தள்ளுங்க. அட்டையில இருக்குல்ல? அடுத்த மாசம் ஆறரை, அதுக்கடுத்து ஏழு. மாசம் அரைக்கிலோ ஏறும். ஊருல எல்லாப் பிள்ளையும் அப்பிடித்தான ஏறுது."

சாக்குக்கு ஒரு கிலோ என்று ஆண்டுக்கணக்கில் எழுதிய கை என்னுடையது. பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினேன்: மொத்தம் எழுபத்தெட்டு. தள்ளியது ஆறு. நிகரம் எழுபத்திரண்டு.

அடுத்த மாதம் மொத்தம் எழுபத்தாறு. ஆறரை தள்ள, அறுபத்தொன்பதரை. அதற்கடுத்து மொத்தம் எழுபத்தைந்து. ஏழு தள்ள, அறுபத்தெட்டு. அம்மையார் மகிழ்ந்தார். போடிக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. பாத்திரக்கடை அம்மாள் தம் மகளுக்காக இரண்டு படி கொள்ளு வாங்கிச் சென்றார். கடைவீதியில் இன்னும் சிலர் வாங்கினர். மூன்று மூட்டைகள் கரைந்தன. கொள்ளின் மகிமைக்கு அம்மையாரின் மருமகள் நடமாடும் விளம்பரமானாள். நாற்பது சுற்றும் நடமாடினாள்.

இடையில் அவள் சொல்லாமல் இல்லை.

"அத்த, பால் பத்தல. பிள்ள பகலெல்லாம் சப்பிச் சப்பி அழுகுறா. ஒரு பக்கம் குடிச்சு முடிச்சா மறுபக்கம் இருக்க மாட்டேங்குது."

"பாதி நெசம், பாதி செல்லம்" என்று அம்மையார் பதில் சொன்னார். "நானும் ஒண்ணு பெத்தவதான். அழுகாத பிள்ள எங்க இருக்கு?"

"பசிக்கிதுத்த."

"யாருக்கு, உனக்கா அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்ப ஒருத்திய தள்ளிரு" என்று சிரித்தார் அம்மையார். மருமகள் சிரிக்கவில்லை. பலகையின் அருகில் நின்ற நான் சிரித்தேன் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

பிறந்தபோது கம்பத்துத் தாத்தா வாங்கி அனுப்பிய சட்டைகள் ஆறாம் மாதத்திலும் குழந்தைக்குப் பொருந்தின. "சிக்கனமான பிள்ள. எங்க வம்சம்" என்று அம்மையார் பெருமைப்பட்டார். நாள்தோறும் பார்க்கும் கண்ணுக்கு எந்த வளர்ச்சியும் தெரியாது; வளராமையும் தெரியாது. குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கலாமா என்று மருமகள் கேட்டாள். காதுகுத்து முடியட்டும் என்று அதுவும் ஒத்திவைக்கப்பட்டது.

காதுகுத்துக்கு முந்தைய நாள் நான்காம் முறையாக நிறுத்தோம். மொத்தம் எழுபத்து நான்கு. ஏழரை தள்ள, அறுபத்தாறரை. மூன்று மாதத்தில் ஐந்தரைக் கிலோ. அம்மையார் பலகையை அழிக்கவிடவில்லை. நாத்தனார் வந்து பார்க்கட்டும் என்றார்.

அதன்பின் நேர்த்திக்கான வெல்லத்தைக் கட்டச் சொன்னார். பேத்தியின் எடை ஏழரை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஏழரை என்ற எண்ணை வாயால் சொல்ல மட்டும் தயங்கினார்; சனி பிடிக்கும் என்பது பயம். "ஏழு ஐநூறு" என்றார். உருண்டை வெல்லம், ஒன்று ஏறத்தாழ நூறு கிராம், எழுபத்தைந்து உருண்டை. ஓலைப்பெட்டியோடு நிறுத்தேன். "பெட்டிக்கு அரைக்கிலோ தள்ளிட்டு நிறுங்கண்ணே. சாமிக்குக் கொறையக் கூடாது" என்றார். தெய்வம் ஒன்றுக்கு மட்டும் அம்மையாரின் தள்ளுபடி ஆதாயமாக முடிந்தது.

கோயிலில் தராசு இல்லை. எங்கள் மண்டியின் பரணில் கிடந்த பழைய தட்டுத் தராசைத் துலக்கி, முத்திரை போட்டு வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். வேப்பமரக் கிளையில் அதைத் தொங்கவிட்டது நான்தான். முள் நடுவில் நிற்கிறதா என்று அம்மையாரே குனிந்து பார்த்தார்.

முதலில் எடைக்கு எடை. பிறகு காதுகுத்து. ஒரு தட்டில் எழுபத்தைந்து உருண்டைகளையும் அடுக்கினோம். மற்றொரு தட்டில் சிவப்புப் பட்டு விரித்து மருமகள் குழந்தையை இருத்தினாள். பூசாரி மணியை அடித்துக்கொண்டே பிடித்திருந்த கையை விட்டார்.

வெல்லத் தட்டு 'தொப்'பென்று தரையில் அமர்ந்தது. குழந்தை மேலே போயிற்று. பயந்து அழவும் இல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து எங்களை வேடிக்கை பார்த்தது.

"வெல்லம் கூடிப்போச்சு. ஒண்ணு ரெண்டு எடுங்க" என்றார் பூசாரி.

ஓர் உருண்டையை எடுத்தேன். தட்டு அசையவில்லை. இரண்டு. மூன்று. சுற்றி நின்ற பெண்கள் விளையாட்டாக எண்ணத் தொடங்கினர். நான்கு, ஐந்து என்று உரத்த குரலில் எண்ணினர். ஏழில் குரல் தாழ்ந்தது. ஒன்பதில் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நான் எடுக்கும் உருண்டை ஓலைப்பெட்டியில் விழும் ஓசை மட்டும் கேட்டது. பதின்மூன்றாவதை எடுத்தபோது முள் நடுவுக்கு வந்தது.

ஆறு கிலோ இருநூறு. மூன்று மாதத்தில் அந்தக் குழந்தை ஏறியது இருநூறு கிராம்.

போடி நாத்தனார்தான் முதலில் பேசினார். "தராசு கோளாறா இருக்கும் மதினி. கோயில் தராச நம்பவா முடியும்?"

அம்மையார் வாயைத் திறந்தார். எப்போதும் தயாராக இருக்கும் பதில் ஒன்று அங்கே வந்து நின்றதை நான் பார்த்தேன். வெயில், மழை, ஈரம், காற்று, ஏதோ ஒன்று. அது வெளியே வரவில்லை.

"தராசு நம்ம கடையுது" என்றார்.

எல்லாரும் அம்மையாரைப் பார்த்தார்கள். அவர் பலகைக் கணக்கை மனத்துள் பின்னோக்கிப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்; நானும் அதையே போட்டுக்கொண்டிருந்தேன். மருமகளிடமிருந்து குறைந்ததாக நாங்கள் கொண்டாடிய ஐந்தரைக் கிலோவில் ஒரு கிலோ முந்நூறு, குழந்தை ஏறாமல் விட்ட எடை. கொள்ளு இளைக்கவைத்தது ஒருத்தியை மட்டுமன்று, இருவரை.

மருமகள் தட்டிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மாமியாரைத் தாண்டி நடந்தாள். என்னிடம்தான் வந்தாள்.

"பெரியப்பா, எங்க அத்தைக்குத்தான் சாஸ்திரம். நீங்க இத்தன வருசம் தராசப் பிடிச்சவுக. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவளத் தனியா நிறுத்திருக்கலாம்ல?"

நான் கிளையிலிருந்து தராசை அவிழ்த்தேன்.

காது குத்தாமலே திரும்பினோம். "காது எங்கயும் போயிறாது" என்றார் அம்மையார். மறுநாள் காலையில் செவிலியர் அம்மாளிடம் தாமே பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்து மருத்துவரிடம். குழந்தைக்கு நோய் ஒன்றும் இல்லை, பசிதான் என்றார் மருத்துவர். தாய்க்கு வயிறார உணவு, குழந்தைக்குத் தாய்ப்பால் போக, குழைத்த பருப்புச் சோறும் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். எஞ்சிய கொள்ளு மூட்டைகள் பந்தய மாடு வளர்ப்பவர் ஒருவருக்குப் போயின. மாடுகள் முறையிட்டதாகத் தகவல் இல்லை. மாதாமாதம் குழந்தை மண்டித் தராசிலேயே, பட்டப்பகலில், பலர் பார்க்கத் தனியே நிறுக்கப்பட்டது. ஒருமுறையும் இளைக்கவில்லை. மருமகளும் சோறு தின்று, வீதியில் நடந்து, ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு தன் போக்கில் பழைய உடலுக்கு ஏறத்தாழ வந்துசேர்ந்தாள். அதை எவரும் பலகையில் எழுதவில்லை.

அந்தக் கோயில் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றிக் கடைவீதியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். குச்சனூர்க்காரர் மொச்சை கொண்டுவந்தார். நான் வழக்கம்போல் ஒரு கிலோ தள்ளினேன். அம்மையார், "சாக்கக் கொட்டி நிறுங்கண்ணே" என்றார். அறுநூற்றைம்பது காட்டியது. "அதயே தள்ளுங்க" என்றார். குச்சனூர்க்காரர் திகைத்துப்போய், "ஆத்தா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அந்த உடல்நலக் குறைவு வியாழக்கிழமை வரை நீடித்தது. வெள்ளியன்று மறுபடியும் சாக்குக்கு ஒரு கிலோ. நான் அம்மையாரின் முகத்தைப் பார்த்தேன். "பிள்ள வேற, சாக்கு வேறண்ணே" என்றார். மனிதர் திருந்துவதற்கும் ஓர் அளவு உண்டு போலும், மிகுதியைத் தள்ளிவிடுகிறார்கள்.

இதை எவர் சொல்லும்போதும் நானும் சேர்ந்து சிரிப்பவன்தான். ஆனால் கோயிலிலிருந்து திரும்பிய வேனில் நான் அவருக்குப் பின்னிருக்கையில் இருந்தேன்.

தட்டிலிருந்து எடுத்த பதின்மூன்று உருண்டைகளை அங்கேயே பிள்ளைகளுக்குப் பங்கிட்டுவிடலாம் என்று பூசாரி சொன்னார். அம்மையார் இசையவில்லை. அவற்றைத் தம் முந்தானையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம், உறங்கும் பிள்ளையைப் பிடிப்பது போல, இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டார். முன்னிருக்கையில் மருமகளும் குழந்தையும் உறங்கிக்கொண்டு வந்தனர். வீட்டு வாசலில் வேன் நின்றதும் நான் இறங்கிக் கையை நீட்டினேன்.

"குடுங்கம்மா, நான் கொண்டாறேன்."

"வேணாம்ணே." மடியை ஒருமுறை கையால் ஏந்திப் பார்த்தார். "ஒண்ணு முந்நூறு இருக்கும்."

"இருக்கும்" என்றேன்.

புடவைக்கு அவர் எதையும் தள்ளவில்லை.